எடைக்கு ஏழு பேர்

மாமா அந்த வண்டியைக் கொண்டுவந்த அன்று அதில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். வம்பு அங்கேதான் தொடங்கியது. மாமா, அவர் மனைவியான என் அக்கா, நான், மாமாவின் அண்ணன் வீட்டார் நான்கு பேர். அண்ணன் வீட்டில் எல்லோரும் நல்ல கனம். அவர்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. அப்படியே அடுக்குமாடிக் கட்டடத்தின் சரிவுப் பாதையில் இறங்கி, அடித்தளத்துக்குள் நுழைந்து, எங்கள் இடத்தையும் பக்கத்து இடத்தில் பாதியையும் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமா இறங்கிக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இன்னொரு முறை திறந்து சாத்தினார்.

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினார். சரிவுப் பாதை தொடங்கும் இடத்தில், தலைக்கு மேலே, குறுக்காக ஒரு சிவப்புக் குழாய் போகிறது. தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கிற குழாய். வண்டியின் கூரைக் கம்பி அதில் கிறீச்சென்று முட்டி நின்றது.

மாமா இறங்கிக் குழாயைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு, இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்பதுபோல வாட்ச்மேனைப் பார்த்தார்.

"நேத்து உள்ள வந்துச்சே!"

"நேத்து கனமா இருந்துச்சு சார். இன்னைக்கு நீங்க மட்டும்தானே," என்றார் வாட்ச்மேன்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் சேர்ந்து வடிவமைத்த வண்டியைப் பற்றி ஒரு வாட்ச்மேன் கருத்துச் சொல்வதா என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அதுதான் உண்மை. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளப்பது என் பிழைப்பு. கடையின் அளவுகோலைக் கொண்டுவந்து அளந்து பார்த்தேன். ஆளில்லாத வண்டியின் கூரைக் கம்பி குழாயைவிட மூன்று சென்டிமீட்டர் உயரம். ஏழு பேர் ஏறினால், கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இதே வண்டியின் விலை உயர்ந்த வகையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வண்டி தானாகவே நான்கு விரல் உயரம் தாழும். மாமா வாங்கியது அதற்கு ஒரு படி கீழே உள்ள வகை. பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு மூடிதான் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் விலை உயர்ந்த வகை என்றுதான் சொல்லி வைத்திருந்தார். அந்த வண்டிக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒரு முறை அதன் இணையப் பக்கத்தில் 'உரிமையாளர் அனுபவம்' என்று எழுதுவார்கள். மாமாவும் எழுதினார்: 'அடித்தள நிறுத்தத்தில் உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. விரலால் ஒரு தொடுதல், வண்டி பணிந்துவிடுகிறது.' இருநூறு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

குழாயை நகர்த்தச் சொல்லி, குடியிருப்போர் சங்கச் செகரட்டரியிடம் போனார். செகரட்டரி ஓய்வு பெற்றவர், நூற்றுப் பத்து கிலோ இருப்பார், விதிமுறைப் புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறவர்.

"தீ பிடிச்சா உங்க வண்டிதான் சார் முதல்ல எரியும். அதை அணைக்கத்தான் அந்தக் குழாய்," என்றார்.

மாமா டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார். வண்டிக்குள் எல்லா விளக்கும் எரிந்து ஒரு பெண் குரல் அபாயம், அபாயம் என்று கத்தியது. சக்கரத்தின் பளபள விளிம்பும் தேய்ந்தது. கூரைக் கம்பியைக் கழற்றலாமே என்றேன். "அது இல்லேன்னா மினி பஸ் மாதிரி இருக்கும்," என்றார். தெருவில் ஒரு ராத்திரி நிறுத்தினார். விடிந்து பார்த்தால், பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் 'குளிப்பாட்டு' என்று எழுதியிருந்தார்கள். மாமா அதைக் கொலை முயற்சியாக எடுத்துக்கொண்டார். அப்புறம் தண்ணீர் கேன்கள். இருபது கேன்களை ஏற்றியதில் ஒன்றின் மூடி கழன்று, உள்ளே விரித்திருந்த கம்பளம் ஒரு வாரத்துக்கு ஈரத் துணி போல நாறியது.

"மனுஷன்னா கொட்ட மாட்டான்," என்று முடிவுக்கு வந்தார் மாமா.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. காலையில் வெளியே போக ஒரு முறை, மாலையில் உள்ளே வர ஒரு முறை. டீசல் தொட்டியை எப்போதும் நிறைத்தே வைத்தார், அதில் ஒரு ஆள் கனம் கூடும். மீதிக்கு அக்கா, நான், செகரட்டரி, வாட்ச்மேன், மாடிப்படி கூட்டுகிற அம்மா, வாசலில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர். மாமாவோடு ஏழு. குழாயைத் தாண்டி வாசலுக்கு வந்ததும் அக்காவையும் என்னையும் தவிர எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இருக்கைகள் வெள்ளைத் தோல் என்பதால் அவர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் விரிப்பு. செருப்பைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"நான் கட்டடத்தையே கூட்டித் துடைக்கிறவ. என்னவிட சுத்தம் யாரு சார் இங்க?" என்று கேட்டார் கூட்டுகிற அம்மா.

"உங்களுக்காக இல்லம்மா, சீட்டுக்காகச் சொல்றேன்," என்றார் மாமா. அதில் ஏதோ மரியாதை இருப்பதாக நினைத்துத்தான் சொன்னார்.

இஸ்திரிக்காரருக்கு வேறு ஒரு குறை. "ஒரு நாளாச்சும் அந்தத் தெரு முனை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க சார். குழாயத் தாண்டினதும் கழட்டி விட்டுடறீங்க."

"லேட்டாயிடுச்சுப்பா. நாளைக்குப் பாக்கலாம்."

செகரட்டரிக்குத்தான் பெருமை பிடிபடவில்லை. விதிமுறைப் புத்தகத்தில் தன் உடம்புக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று அவர் படித்ததில்லை. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லி அவர் நடக்க ஆரம்பித்ததைப் பார்த்து மாமா கதிகலங்கிப் போனார். மறுநாளே ஒரு கிலோ இனிப்பு வாங்கி அவர் வீட்டுக்கு அனுப்பினார். கட்டடமே அந்த வண்டிக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்துவிட்டது. "பெரியவர் கிளம்பிட்டாரா?" "இல்ல, இன்னும் ரெண்டு பேரு குறையுது." அந்த மாத அனுபவத்தில் மாமா எழுதினார்: 'ஏழு இருக்கைகளும் தினமும் பயன்படுகின்றன.' அவர் அதுவரை எழுதியதில் உண்மையான ஒரே வரி அதுதான்.

இதில் சிரிக்காதவள் அக்கா மட்டும்தான்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள் வீடுகளுக்குப் போய்க் கை கால்களை மீண்டும் பழக்குவது அவள் வேலை. ஒரு மருத்துவமனை ஒப்பந்தத்தில் அவளை வைத்திருந்தது. அவளிடம் ஒரு சின்ன சிவப்புக் கார் இருந்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. எந்தச் சந்திலும் நுழையும். மாமா அதைப் பெரியவருக்கு முன்பணமாகத் தள்ளிவிட்டார். "இனிமே உனக்கு எதுக்கு அந்த டப்பா? ராணி மாதிரி நானே கொண்டுபோய் விடறேன்," என்றார். அக்கா அதை நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் தினமும் சண்டை போடாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ராணி மூன்று வாரத்தில் நான்கு முறை தாமதமாகப் போனாள். ஒரு நாள் இஸ்திரிக்காரருக்குக் காய்ச்சல். ஒரு நாள் செகரட்டரி பூங்காவில் யாரிடமோ விதிமுறை பேசிக்கொண்டு நின்றுவிட்டார். ஆள் சேர்வதற்குள் நோயாளி காத்திருந்து களைத்துப் போவார். பஸ்ஸில் போகிறேன் என்றால், அவள் போய்விட்டால் பெரியவர் நகரமாட்டாரே என்று மாமா பதறுவார். "பஸ்லயா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்று அதற்கு வேறு காரணம் சொல்வார்.

கடைசியில் மருத்துவமனையின் தலைமை மருத்துவரிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை காலை எட்டரைக்கு, அக்காவின் நோயாளியான தையல்காரம்மா வீட்டுக்கு அவரே வருகிறார். அக்கா சரியான நேரத்துக்கு வந்து, தையல்காரம்மா கட்டிலிலிருந்து ஜன்னல்வரை பிடிமானமில்லாமல் நடந்தால், வீட்டுச் சிகிச்சைப் பிரிவு முழுக்க அக்காவின் பொறுப்பு. நிரந்தர வேலை. இன்னொரு முறை தாமதமானால் ஒப்பந்தமும் இல்லை.

தையல்காரம்மாவை எனக்கும் தெரியும். இடது பக்கம் விழுந்துபோய்ப் பதினான்கு வாரம். அக்காவைத் தவிர வேறு யார் கையைப் பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

"நான் அன்னைக்கு பஸ்ல போயிடறேன்," என்றாள் அக்கா, சாப்பாட்டு மேசையில்.

"பைத்தியமா உனக்கு? ஏழரைக்கெல்லாம் கிளம்பிடலாம். ஏழே முக்காலுக்கு அங்க நீ. நான் வாக்கு குடுக்கறேன்."

அன்று ஒன்பது மணிக்கு அவருடைய வண்டிச் சங்கத்தார் எல்லோரும் வரிசையாக வண்டி ஓட்டிப் போகும் நிகழ்ச்சி இருந்ததை அவர் சொல்லவில்லை. நான் சனிக்கிழமை காலை, அவர் கூரைக் கம்பியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

ஏழரைக்கு அக்கா தன் கைப்பையை மடியில் வைத்து நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழே முக்காலுக்கு வாட்ச்மேனும் கூட்டுகிற அம்மாவும் வந்தார்கள். இஸ்திரிக்காரர் அடுப்புக் கரியை ஊதி வைத்துவிட்டு வந்தார். செகரட்டரி நடைப்பயிற்சி முடித்து, குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். முன் இருக்கை எப்போதும் அவருக்குத்தான்.

"கெளம்பலாம்," என்று அனுமதி கொடுத்தார்.

பெரியவர் தாழ்ந்து, நகர்ந்து, குழாயின் அடிக்கு வந்தார். எல்லோரும் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மூச்சைப் பிடிப்பதால் எடை கூடாது என்று தெரிந்தும் பிடித்தோம். முன்பாதி தாண்டியது. கண்ணாடிக் கூரை வழியாகத் தலைக்கு மேலே சிவப்புக் குழாய் தெரிந்தது. அங்கே மாமா வண்டியை நிறுத்தினார்.

"என்னாச்சு?" என்றாள் அக்கா.

"ஒரு நிமிஷம். சங்கத்துல வீடியோ கேட்டிருக்காங்க. பொத்தானை அழுத்தி வண்டி குழாய்க்கு அடியில போறதை." கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "நீ பின்னாலேருந்து எடு. என் கை, ஸ்டியரிங், மேலே குழாய். அவ்வளவுதான் தெரியணும்." பிறகு திரும்பி எல்லோரையும் பார்த்தார். "நீங்கள்லாம் கொஞ்சம் கீழ குனிஞ்சுக்குங்க."

"குனியறதா?" என்றார் செகரட்டரி.

"சீட்டு காலியா இருக்கற மாதிரி தெரியணும் சார். ஒரே நிமிஷம்."

வாட்ச்மேன் குனிந்தார். கூட்டுகிற அம்மா செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தார். செகரட்டரியால் அவருடைய வயிறு அனுமதித்த அளவுக்குத்தான் குனிய முடிந்தது. அவர் வழுக்கை மட்டும் ஒரு சின்ன நிலாப் போலப் படத்தில் விழுந்தது. அக்காவும் குனிந்தாள். அவள் முகம் முன்னிருக்கையின் முதுகுக்கும் கைப்பைக்கும் நடுவே இருந்தது. பத்து வருஷமாகப் பிறரை நிமிர்ந்து நிற்கவைக்கிற வேலை செய்பவள். அவள் கழுத்து நரம்பு துடிப்பதை நான் கைப்பேசித் திரையில் பார்த்தேன்.

மாமா கறுப்பு மூடியை விரலால் ஒயிலாக அழுத்தினார். வண்டி அரை அடி நகர்ந்தது.

"சார் தலை தெரியுது. இன்னொரு வாட்டி எடுக்கலாம்," என்று மாமா வண்டியைப் பின்னால் நகர்த்தினார்.

"மணி எட்டு அஞ்சு," என்றாள் அக்கா, குனிந்தபடியே.

"இதோ, இதோ. இந்த வாட்டி செகரட்டரி சார், கொஞ்சம் சாஞ்சு..."

"இதுக்கு மேல சாஞ்சா நான் கியர் மேல படுக்கணும்."

இஸ்திரிக்காரர் சிரித்துவிட்டார். மாமாவுக்குக் கோபம் வந்தது. "சிரிப்புச் சத்தம் விழுதுப்பா! மறுபடியும் மொதல்லேருந்து."

அக்கா நிமிர்ந்தாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். மிகவும் சாதாரணமாக, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளைப் போல, கதவைத் திறந்தாள்.

"என்ன பண்ற? ஏய், இறங்காதே!"

"நான் போறதுக்கு வண்டின்னு நெனைச்சேன். வண்டி போறதுக்குத்தான் நான்னு இப்பதான் புரியுது."

இறங்கினாள். அவள் இரண்டாவது காலும் தரையைத் தொட்டபோது வண்டி அரை சென்டிமீட்டர் எழுந்தது. தலைக்கு மேலே 'டங்' என்று ஒரு சத்தம். கூரைக் கம்பி குழாயை அடியிலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"ஏறு! ஏறு!" என்று மாமா கத்தினார். "நகத்தினா கம்பி போயிடும்! ரெண்டு நிமிஷம் ஏறி உக்காரு, அப்புறம் எங்க வேணாலும் போ!"

அக்கா அதற்குள் சரிவுப் பாதையில் பாதிதூரம் ஏறியிருந்தாள். கைப்பை தோளில் ஆடியது. அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. திரும்பிப் பார்ப்பாள் என்று மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காத்திருந்தார். பார்க்கவில்லை.

"நானும் இறங்கறேன்," என்று வாட்ச்மேன் கதவில் கை வைத்தார்.

"யாரும் அசையக் கூடாது!"

யாரும் அசையவில்லை. ஒருவர் இறங்கினாலும் இன்னும் இறுகும். அறுபது கிலோவுக்குக் குறையாத ஒரு ஆள் வெளியிலிருந்து வந்து ஏற வேண்டும். வாட்ச்மேனை அனுப்பித் தேடலாம் என்றால் வாட்ச்மேனே எடை. கரி அணைந்துபோகும் என்றார் இஸ்திரிக்காரர். பத்து மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்றேன் நான். கூட்டுகிற அம்மா மட்டும் நிமிர்ந்து, சாய்ந்து, பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிக் காலடியில் போட்டுவிட்டு வெள்ளைத் தோலில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். மாமா அதைக் கண்ணாடியில் பார்த்தார். எண்பது கிலோ மனிதருக்கு ஐம்பத்தைந்து கிலோவை அதட்டும் நிலைமை இல்லை.

பின்னால் ஒலிப்பான் கேட்டது. மூன்றாம் மாடி வங்கிக்காரர், தன் சிறிய காரில்.

மாமா ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். "சார், கொஞ்சம் வந்து உள்ள உக்காருங்க சார்!"

"என் வழியை மறிச்சுக்கிட்டு என்னையே படிக்கல்லா கூப்பிடறீங்களா?"

"நீங்க உக்காந்தாதான் சார் வழி விடமுடியும்."

அதிலிருந்த நியாயத்தை வங்கிக்காரர் ஐந்து நிமிஷம் திட்டியபடியே யோசித்தார். பிறகு வந்து அக்காவின் இடத்தில் உட்கார்ந்தார். அக்காவைவிட இருபது கிலோ அதிகம். பெரியவர் பணிந்தார். மேலே உரசும் சத்தத்தோடு வெளியே வந்தோம். கூரைக் கம்பியில் ஒரு முழம் நீளத்துக்குச் சிவப்புச் சாயம்.

வாசலில், "எல்லாரும் இறங்கலாம்," என்றார் மாமா.

வங்கிக்காரர் தன் காரை எடுக்க ஓடினார். மற்ற யாரும் இறங்கவில்லை.

"முனை வரைக்கும்," என்றார் இஸ்திரிக்காரர்.

"ஆமா, முனை வரைக்கும்," என்றார் செகரட்டரி. விதிமுறையையே வாசிப்பதுபோல இருந்தது அவர் குரல்.

மாமா முனை வரைக்கும் போனார். அங்கிருந்து அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். சங்கத்தாரின் வரிசை அவர் இல்லாமலே கிளம்பிப் போயிருந்தது.

அக்கா இரவு எட்டு மணிக்கு வந்தாள். பஸ் பிடித்து, கடைசித் தெருவை ஓடிக் கடந்து, எட்டு இருபத்தெட்டுக்குத் தையல்காரம்மாவின் வாசலில் நின்றாளாம். தலைமை மருத்துவர் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா அக்காவுக்கு மூச்சிரைப்பதைப் பார்த்து, "நீ உக்காரும்மா, நான் நடக்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாராம். ஜன்னல்வரை பதினோரு அடி. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தான் நிற்பதைக் காட்டினாராம். இதைச் சொல்லும்போது அக்கா நடு அறையில் நின்று அந்தப் பதினோரு அடியையும் நடந்து காட்டினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து பிரிவு அவள் பொறுப்பு. காலை ஏழு மணிக்கே முதல் வீடு.

மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்து, கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு நல்ல வார்த்தையைத் தேடுகிறார் என்று நான்கூட நினைத்தேன்.

"அப்ப இனிமே காலையில நீ வண்டியில உக்கார மாட்டே?"

"மாட்டேன்."

"குழாய் வரைக்கும்கூட?"

"குழாய் வரைக்கும்கூட."

அவர் கைப்பேசியை எடுத்தார். குறித்துக்கொள்ளத் தயாராக விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "நீ சரியா எத்தனை கிலோ?"

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை. தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள்.

"அறுபத்திரண்டு," என்றாள். "இன்னும் நான் சாப்பிட ஆரம்பிக்கல."